நாய்க்குட்டி கூண்டுக்குள்ளயே ஆய் போயிடுது, என்னா செய்யலாம்?

சிப்புட் பையன்:
வணக்கம் அண்ணே அக்கா எல்லாருக்கும். நாலு மாசக் குட்டி ஒண்ணு வாங்கியிருக்கோம், பொமரேனியன் கலப்பு, பெட் ஷாப்ல எடுத்தது, பேரு டோலி. பிரச்சன என்னான்னா கூண்டுக்குள்ளயே ஆய் போயிட்டு அது மேலயே படுத்துக்குது. நாய் படுக்குற எடத்துல போகாதுன்னுதான எல்லாரும் சொல்றாங்க?? காலையில அம்மா எஸ்டேட் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு) கெளம்புறதுக்கு முன்னாடி வெளிய கூட்டிட்டுப் போறாங்க, சுத்தி சுத்தி மோந்து பாக்கும், ஒண்ணும் போகாது, சரின்னு கூண்டுல விட்டு கதவ சாத்துனா ஒடனே உள்ள போயிடும். நான் வேல முடிஞ்சு வர்றப்ப ஒடம்பெல்லாம் பூசிக்கிட்டு வால ஆட்டிக்கிட்டு நிக்குது. குளிப்பாட்டியே ஓஞ்சிட்டேன். கூண்டு பெருசுதான், மாமா பழைய கோழிக்கூண்ட வெல்டிங் பண்ணிக் குடுத்தாரு, பெரிய நாய் ரெண்டு படுக்கலாம். அப்பா திருப்பிக் குடுத்துடுன்றாரு.

பழைய மண்டோர்:
மூக்க அதுலயே தேச்சு ரோத்தான் பெரம்புல ரெண்டு போடு தம்பி. எங்க காலத்துல எஸ்டேட் லயத்து நாயெல்லாம் அப்படித்தான் படிஞ்சுது.

கோப்பெங் அக்கா:
மண்டோர் அண்ணே கோவிச்சிக்காதீங்க, லயத்து நாய யாரு கூண்டுல போட்டா, அது பாட்டுக்கு பால்மரக் காட்டுக்குள்ள போயிட்டு வந்துச்சு, நம்ம பழக்குனதா நெனச்சிக்கிட்டோம். மூக்க தேச்சா 'இந்த எடத்துல போகக்கூடாது'ன்னு குட்டிக்குப் புரியாது, 'மனுசன் பாக்குறப்ப போகக்கூடாது'ன்னுதான் புரியும், அப்புறம் கயித்தப் புடிச்சிக்கிட்டு நின்னா ஒரு சொட்டு கூட விடாது.

தம்பி, நீ கேள்விப்பட்டது உண்மதான், ஆனா கடையில கம்பிக் கூண்டுலயே வளந்த குட்டிக்கு அந்தக் கூச்சம் விட்டுப் போயிடும். தின்னது தூங்குனது போனது எல்லாம் ஒரே எடம், புல்லுல போலாம்னே அதுக்குத் தெரியாது. மொதல்ல கூண்ட சின்னதாக்கு, எந்திரிச்சு நின்னு ஒரு சுத்து சுத்தி கால நீட்டிப் படுக்குற அளவு போதும், மிச்சத்த பலகை வச்சு அடைச்சிடு. இப்ப அதுக்கு ஒரு மூல படுக்க, இன்னொரு மூல கக்கூஸ். ஆனா சின்னதாக்கிட்டு காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் பூட்டி வைக்காத லா. ஒரு மாச வயசுக்கு ஒரு மணி நேரம்னு ஒரு கணக்கு சொல்வாங்க, நாலு மாசக் குட்டிக்கு பகல்ல நாலு மணி நேரமே அதிகம், அதுக்கு மேல போனா அடக்க முடியாம உள்ளயே போயி அந்தப் பழக்கம் இன்னும் ஊறிடும். மத்தியானம் தெறந்து விட ஆள் இருக்கா?

இன்னொண்ணு, வெளிய போயி ஒண்ணும் போகலன்னா கூண்டுல போடாத. கயித்த இடுப்புல கட்டிக்கிட்டு கூடவே வச்சிரு, பத்து பதினஞ்சு நிமிசம் கழிச்சு மறுபடி அதே எடத்துக்குப் போ. போன அந்த நொடியே கையில இருக்குற கோழித் துண்ட குடு, வீட்டுக்கு வந்து குடுத்தா எதுக்குக் குடுத்தேன்னு அதுக்குத் தெரியாது. போன ஒடனே உள்ள இழுத்துட்டும் வராத, கொஞ்சம் ஓடி வெளையாட விடு. பல பேரு இங்கதான் கோட்ட விடுறாங்க, ஆய் போனா ஆட்டம் முடிஞ்சிடும்னு தெரிஞ்சுதுன்னா குட்டி அடக்கிக்கிட்டே சுத்தும். தடுப்பூசி முழுசா போட்டு முடியலன்னா மட்டும் வீட்டு வாசலோட நிறுத்திக்க, குட்டிங்களக் கொல்லுற பார்வோ கிருமி மண்ணுல மாசக்கணக்குல கெடக்கும்.

சிப்புட் பையன்:
ரொம்ப நன்றிக்கா, ஊசியெல்லாம் போட்டாச்சு. பாட்டி வீட்லதான் இருக்காங்க, மத்தியானம் தெறந்து விடச் சொல்றேன். சாப்பாடு காலையிலயே தட்டு நெறைய வச்சிடுவோம், நாள் பூரா கொறிக்கும், ராத்திரி நம்ம வீட்டு கொழம்பு சோறு மிச்சம். கூண்ட தெனம் குளோரோக்ஸ் பிளீச் ஊத்திதான் கழுவுறேன், அப்படியும் அதே மூலைக்குத்தான் போகுது.

ஈப்போ நாய்க்காரன்:
புரோ மொதல்ல அந்தத் தட்ட எடுங்க. முன்னாடி எந்நேரமும் போனா பின்னாடி எந்நேரமும் வரும். மூணு வேள, நேரத்துக்கு வைங்க, கால் மணி நேரத்துல தின்னாதத எடுத்துடுங்க, தண்ணி மட்டும் எப்பவும் இருக்கட்டும். தின்னு அர மணிக்குள்ள குட்டிக்கு வயிறு கலக்கும், அப்ப வெளிய நில்லுங்க, தூங்கி எந்திரிச்சதும் வெளையாடி முடிச்சதும் அதே மாதிரி. கொழம்பு சோறு வேணாம், வெங்காயமும் பூண்டும் நாயோட ரத்தச் செவப்பணுவ ஒடைக்கும், எண்ணெயும் காரமும் வயித்த வேற எளக்கிடும், எளகிப் போனா எந்தக் குட்டியாலயும் அடக்க முடியாது.

குளோரோக்ஸ் விசயம். மூத்திரத்துல அமோனியா இருக்கு, அது மேல ஊத்துனா கெளம்புற ஆவி ஒங்க நெஞ்சுக்கும் நல்லதில்ல. ஒங்க மூக்குக்கு குளோரோக்ஸ் வாசம்தான் வரும், டோலிக்கு அதுக்கு அடியில இருக்குற பழைய வாசமும் வரும், அதான் அதே மூல. வெறும் தண்ணியில அலசிட்டு என்சைம் கிளீனர (வாசத்துக்குக் காரணமான அழுக்க கரைக்கிற திரவம்) ஊத்தி ஊற விடுங்க, ஷாப்பி ஆன்லைன் கடையில கெடைக்குது. ரெண்டையும் ஒண்ணா ஊத்துனா என்சைம் செத்துடும், காசு வீண்.

வயித்துப் பூச்சி மருந்து குடுக்குறீங்களா? ஆறு மாசம் வரைக்கும் மாசா மாசம் குடுக்கணும். கடைக் குட்டிங்களுக்கு ஜியார்டியான்னு ஒரு குடல் கிருமியும் வரும், ஆய் சளி மாதிரி தண்ணியா இருந்தாலோ உச்சா சொட்டு சொட்டா அடிக்கடி போனாலோ பழக்குறத ஒத்தி வச்சிட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க, டப்பால கொஞ்சம் ஆயும் எடுத்துட்டுப் போங்க.

பழைய மண்டோர்:
சரி சரி ரோத்தான வச்சிட்டேன். ஆனா மழ வந்தா என்னா செய்வீங்க? எங்க வீட்டுது ஈரப் புல்லுல கால வைக்காது, ஒரு கால தூக்கிக்கிட்டு என் மூஞ்சியப் பாக்கும்.

கோப்பெங் அக்கா:
சாயங்கால மழைக்கு எல்லா வீட்லயும் இதே கததான் அண்ணே. தகரத் தாவாரத்துக்குக் கீழ, பழைய தாம்பாளத்துல புல்லுப் பத்தைய மண்ணோட வெட்டி வைங்க, அது போன ஆயில ஒரு துண்டு எடுத்து மேல போட்டா வாசம் புடிச்சு அங்க போகும். சிப்புட் தம்பி, பக்கத்து வீட்டு வேலி ஓரமா மட்டும் எடம் பழக்கிடாத, மலாய்க்காரங்க வீடா இருந்தா ரொம்பக் கவனம், முஸ்லிம்களுக்கு நாய் அசிங்கம் ஆகாது, ஒரு எடம் பழகிட்டா அப்புறம் மாத்துறது இதவிட பெரிய வேல.