ஈரம் பட்ட கேசட்டுகளிலிருந்து நேயர் குரல்களை மீட்க உதவி தேவை

சென்னைப் பண்பலை ஒன்றின் நள்ளிரவு நேயர் நிகழ்ச்சியை 2004 முதல் 2006 வரை நான் பதிவு செய்த பதினொரு 90 நிமிடக் கேசட்டுகள் இப்போது பழுதாகிக் கிடக்கின்றன. தொகுப்பாளரின் பேச்சைவிட, தவறாமல் அழைத்த நேயர்களின் குரல்களே எனக்கு முக்கியம். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் இரவுப் பணி முடித்து, பாட்டு எதுவும் கேட்காமல் ஒரு விடுகதையைப் போட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும் பெரியவரும், கணவர் கடலுக்குப் போன இரவுகளில் மட்டும் காசிமேட்டிலிருந்து அழைத்துக் காற்றின் திசையைச் சொல்லும் அம்மாவும் (வானிலை அறிக்கையைவிட அவரையே நான் நம்பினேன்) அவற்றில்தான் இருக்கிறார்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் மடிப்பாக்கம் வீட்டில் இவை நனைந்தன. ஓட்டிப் பார்த்தவற்றில், தொடங்கிய இரண்டு நிமிடங்களில் கிறீச்சென்ற ஓசை எழுகிறது, வேகம் தள்ளாடுகிறது, நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டில் பழுப்புத் தூள் படிகிறது. நனையாத பிற கேசட்டுகள் நன்றாக ஓடுவதால், பழைய நேஷனல் பானாசோனிக் டேப்ரெக்கார்டரில் குறையில்லை. ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். ரிச்சி தெருவில் பெல்ட்டை மாற்றினேன். ஒரு நாடாவைப் புதிய கேசட் கூட்டுக்குள் மாற்றியும் பார்த்தேன். பலனில்லை. தூள் உதிர்வதைக் கண்டபின் மற்றவற்றை ஓட்டவே இல்லை.

இத்தகைய நாடாக்களை முறையாகச் சுத்தம் செய்து டிஜிட்டலுக்கு மாற்றித் தருபவர் சென்னையில் யார்?