வெல்லம்பிட்டியில் வீடு: பழைய வெள்ளக் காப்புறுதி விவரம் எடுப்பது எப்படி?

கேள்வி: வீடு பிடித்திருக்கிறது, விலையும் சரி, ஆனால் மண்டபச் சுவரில் இடுப்பளவுக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், அதுதான் மனதை உறுத்துகிறது. முன்பு வெள்ளத்துக்கு கிளெய்ம் எடுத்தார்களா என்று எப்படி அறிவது?

பதில்: அது பொலிசிக்காரருடைய விவரம் தம்பி, கம்பனி உங்களிடம் நேரே தராது. விற்பவரையே எழுதிக் கேட்டு, கிளெய்ம் திகதியும் தொகையும் உள்ள கடிதம் வாங்கித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் முற்பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொருவர்: கிளெய்ம் இல்லை என்பதால் தண்ணீர் வரவில்லை என்று ஆகாது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது எங்கள் ஒழுங்கையில் ஜன்னல் வரை தண்ணீர், ஒருவரிடமும் பொலிசி இல்லை. கிராம சேவகரிடம் கேளுங்கள், அப்புறம் பக்கத்து வீட்டிலும்.

கேட்டவர்: நன்றி அண்ணா, நாளைக்கே போகிறேன்.