தாத்தா போட்ட கள்ளக் கையெழுத்து: பிள்ளைகளிடம் சொல்லலாமா, கூடாதா?

நேர்க்கோடு:
என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. போன வாரம் மதிப்பெண் அட்டையில் என் கையெழுத்தை அவனே போட்டுக் கொடுத்து மாட்டிக்கொண்டான். பள்ளியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. கூப்பிட்டுக் கேட்டால், "தாத்தாவும்தானே போட்டார்? அதைச் சொன்னப்போ நீங்க விழுந்து விழுந்து சிரிச்சீங்களே" என்கிறான்.

கதை இதுதான். என் அப்பா எட்டாம் வகுப்பில் கணக்கில் தொடர்ந்து மூன்று தேர்வில் கோட்டை விட்டவர். மூன்று தடவையும் அவருடைய அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுக் கொடுத்திருக்கிறார். நான்காவது தேர்வில் எப்படியோ தேறிவிட்டார். பெருமையாக வீட்டில் காட்டி, அசல் கையெழுத்தே வாங்கிக்கொண்டு போனார். வாத்தியார் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது மட்டும் கள்ளக் கையெழுத்து" என்றாராம். அப்பாவின் அப்பாவே நேரில் போய் வாத்தியார் கண் முன்னாலேயே போட்டுக் காட்டினார். அதுவும் பொருந்தவில்லை!

சிரித்தவன்தான் நானும். ஆனாலும் இந்த மாதிரிக் கதைகளை இனிமேல் பிள்ளைகள் காதில் போடக் கூடாது என்பதே என் கட்சி.

கடைசிப் பெஞ்ச்:
பாவம், கதை என்ன செய்யும்? மார்க் குறைந்தால் கள்ளக் கையெழுத்து தானாக வரும், அதற்குப் பரம்பரை வேண்டியதில்லை. என் அம்மா பாதரச வெப்பமானியை வெந்நீரில் முக்கிக் காய்ச்சல் வரவழைத்தவர். காட்டியது 42 டிகிரி செல்சியஸ். "இவ்வளவு காய்ச்சலில் நீ எழுந்து நிற்கவே முடியாதே" என்று பாட்டி புத்தகப் பையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். இதைக் கேட்டே வளர்ந்தேன், ஒருநாளும் அந்த வேலையைச் செய்ததில்லை. 2020இல் ஆன்லைன் வகுப்பு நடந்தபோது என் மகள், தான் தலையாட்டுகிற வீடியோவைத் திரையில் ஓடவிட்டுவிட்டுப் போர்த்திக்கொண்டு தூங்கினாள். அதை எந்தத் தாத்தா சொல்லிக்கொடுத்தார்?

நேர்க்கோடு:
வெப்பமானி உடைந்து பாதரசம் தரையில் உருண்டிருந்தால் இதை இவ்வளவு குஷியாகச் சொல்வீர்களா? அதன் ஆவி நஞ்சு. தப்பித்துக்கொண்டவைதான் பிற்பாடு நகைச்சுவைக் கதை ஆகின்றன. மாட்டி அழுததை எந்த வீட்டிலும் யாரும் சொல்வதில்லை.

பாதி உண்மை:
ரெண்டு பேரும் அதெல்லாம் அப்படியே நடந்தது என்று நம்பிக்கொண்டு சண்டை போடுகிறீர்கள், எனக்கு அதுதான் வேடிக்கை. மருத்துவ வெப்பமானியில் அளவுக் கோடே வழக்கமாக 42 டிகிரியோடு முடிந்துவிடும். பாதரசம் சரியாக அந்தக் கடைசிக் கோட்டில் போய் நின்றதாம்!

பிரிட்டனைச் சேர்ந்த உளவியலாளர் பிரெடரிக் பார்ட்லெட் 1932இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். ஒரு கதையை ஒருவர் மாற்றி ஒருவராகச் சொல்ல வைத்தார். கைமாறக் கைமாறப் பழக்கமில்லாத விவரம் உதிர்ந்தது, கேட்பவருக்குப் பழகிய வடிவத்துக்குக் கதை வளைந்துகொடுத்தது. அப்புறம் 1995இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்கரெலும் செய்த சோதனை. 24 பேரிடம், "சின்ன வயதில் நீங்கள் கடைவளாகத்தில் தொலைந்துபோனீர்கள், உங்கள் வீட்டார் சொன்னார்கள்" என்று நடக்காத ஒன்றைக் கொடுத்தார்கள். ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு அது முழுசாகவோ அரைகுறையாகவோ "ஞாபகம்" வந்துவிட்டது. வீட்டார் சொன்னால் அவ்வளவு நம்பிக்கை!

கடைசிப் பெஞ்ச்:
எங்கள் வீட்டில் யாரும் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போவதில்லை, பொய் கலந்தால் கலந்துவிட்டுப் போகட்டும். எமரி பல்கலைக்கழகத்தின் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் இருவரும் குடும்பக் கதை பற்றி 20 கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பள்ளியில் நடந்த சில விஷயங்கள் உனக்குத் தெரியுமா என்பதும் அதில் ஒன்று. நிறையத் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் கூடுதலாக இருந்தது.

பாதி உண்மை:
சேர்ந்து இருந்தது, சரி. கதைதான் அதற்குக் காரணம் என்று ஆகிவிடாது. அவ்வளவு கதை தெரிய வேண்டுமானால் அந்த வீட்டில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று அர்த்தம். வேலை செய்தது அதுவாகவும் இருக்கலாமே.

சிவப்பு மை:
முப்பது வருடம் ஆசிரியையாக இருந்தவள் நான். இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் முட்டாள் வேஷம் எங்களுக்குத்தான். உண்மையைச் சொல்லட்டுமா? கள்ளக் கையெழுத்து பத்தடி தூரத்திலேயே தெரியும். தன் பெயரைப் போடுகிறவர் வேகமாகப் போடுவார், கோட்டின் நுனி மெலிந்து இழுபடும். பார்த்து வரைகிற பிள்ளைக்குக் கோடு நடுங்கும், பேனா தயங்கி நின்ற இடத்தில் மை திட்டாக நிற்கும், நுனி மொட்டையாக முடியும். முக்கால்வாசி நேரம் தெரிந்தும் விட்டுவிடுவோம். வீட்டில் அடி விழும் என்று தெரிகிற பிள்ளையை மாட்டிவிட மனசு வராது.

எனக்கு இந்தக் கதைகளில் பிடிக்காதது ஒன்றே ஒன்று. கரும்பலகைத் துடைப்பானை யார் ஒளித்துவைத்தார்கள் என்று கேட்டால் வகுப்பே வாய் திறக்காது. கடைசியில், எப்போதும் சந்தேகத்துக்கு ஆளாகிற ஒரு பையன் இருப்பான், அவன் வெளியே நிற்பான். ஒளித்துவைத்தவன் நாற்பது வருடம் கழித்துப் பேரனிடம் கதை சொல்வான். வெளியே நின்றவன் அந்தக் கதையில் வரவே மாட்டான். நேர்க்கோடு தம்பி, கதையை நிறுத்த வேண்டாம். அன்றைக்கு யாருக்கு அடி விழுந்தது என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

நேர்க்கோடு:
கேட்டேன் டீச்சர். நான் கேட்பதற்குள் மகனே கேட்டுவிட்டான். அப்பா கொஞ்ச நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பக்கத்து இடத்துப் பையனின் விரலில் அதே மை இருந்ததாம். அவன்தான் போட்டுக் கொடுத்தான் என்று வாத்தியார் அவனை வெளுத்துவிட்டார். இத்தனை வருடம் சொன்ன கதையில் அந்தப் பையன் இல்லவே இல்லை.

கடைசிப் பெஞ்ச்:
அடடா. இப்போது அவர் எங்கே இருக்கிறார்?

நேர்க்கோடு:
அதைக் கேளுங்கள். யார் யாரிடமோ விசாரித்து எண்ணை வாங்கி, அப்பா நேற்று ராத்திரி அவரை அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டு நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அப்பா தழுதழுத்து மன்னிப்புக் கேட்டதும் அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "டேய், கையெழுத்துப் போட்டதே நான்தானேடா! உன் கோழிக் கிறுக்கலை வாத்தியார் மூணு தடவை நம்புவாரா?" என்கிறார். அப்பா இல்லவே இல்லை என்று சாதிக்கிறார். ஒரு மணி நேரம் சண்டை.

பாதி உண்மை:
நான் ஒன்றும் சொல்லவில்லை. 1932 என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

சிவப்பு மை:
பள்ளிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டீர்களா?

நேர்க்கோடு:
இன்று காலையில் போட்டு அனுப்பினேன். பதினொரு மணிக்கு வகுப்பாசிரியர் அழைத்தார். இது உங்கள் கையெழுத்துதானா என்று கேட்கிறார்.