கனிம எண்ணெயா, பாறையெண்ணெயா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தண்ணீரில் கலந்துவிடும் பெட்ரோலிய வகை எண்ணெய்க்கு, அதாவது ஆங்கிலத்தில் மினரல் ஆயில் என்பதற்கு, தமிழில் எந்தச் சொல் என்பதுதான் இங்கே பேச்சு. அதற்கு இந்தக் குழுவில் ஐயா ஒருவர் சொன்ன "கனிம எண்ணெய்" பழகிய சொல்தான், கும்பகோணத்தில் தண்ணீர், மண் சோதனைக்கூடத்தில் இருந்தவரை நானும் அதைத்தான் அறிக்கையில் எழுதினேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் கார்பன் சரக்குக்குக் கரிம வேதியியல், மற்றதற்குக் கனிம வேதியியல் என்று பிரித்துப் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு, முழுக்கக் கார்பன் சங்கிலியான ஒரு சரக்கைக் கனிமம் என்றால் என்ன புரியும்? பயிற்சிக்கு வந்த ஒரு பெண் "சார், இதை இரும்பு, ஈயத்தோடு சேர்த்துப் பார்க்கணுமா?" என்று கேட்டே விட்டாள்.

"கல்நெய்" அழகு. எள்நெய்தானே எண்ணெய் ஆனது. ஆனால் போர்வெல் தண்ணீரில் நெய் இருக்கிறது என்றால் வலங்கைமான் பக்கத்து விவசாயி சிரித்துவிடுவார். "நில எண்ணெய்" சரிதான், சேர்த்து எழுதினால் நிலவெண்ணெய், அப்புறம் வெண்ணெய்க்கு எங்கே போவது? மண்ணெண்ணெயோ ஏற்கெனவே அடுப்புக்குப் போய்விட்டது.

தனிச்சொல் ஏன் வேண்டும் என்றால், தண்ணீரை ஹெக்சேன் என்ற கரைப்பானில் குலுக்கி எடுக்கும்போது தீபாவளிக்குக் குளத்தில் குளித்தவர்களின் நல்லெண்ணெயும் டீசல் என்ஜின் ஒழுக்கும் ஒன்றாகத்தான் கரைந்து வரும். அதைச் சிலிகா ஜெல் என்ற துகள் வழியாக விட்டால் நல்லெண்ணெய், கொழுப்பு எல்லாம் ஜெல்லில் ஒட்டிக்கொள்ளும், பெட்ரோலிய வகை மட்டும் இறங்கி வரும். முதலில் ஹெக்சேனில் வரும் மொத்தத்துக்கு "எண்ணெய்ப்பசை", ஜெல்லைத் தாண்டி வருவதற்குப் "பாறையெண்ணெய்" என்பது என் யோசனை. பெட்ரோலியம் என்பதற்கே பாறை எண்ணெய் என்றுதான் பொருள், சந்தியிலும் இடிக்காது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, 2012 பதிப்பில், லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருப்பது இந்த இரண்டாவதற்குத்தான், முதலாவதற்கு இல்லை. இரண்டையும் எண்ணெய் என்றே எழுதிக் கொடுத்தால் குளத்துத் தண்ணீருக்கு வீண் பழி.

2017இல் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவிய பிறகு, வாய்க்காலில் எது மினுமினுத்தாலும் வாட்டர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். (பிளாஸ்டிக்கில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும், கண்ணாடிதான் சரி, அது வேறு கதை.) நான் முதலில் கேட்பது, குச்சியால் கலைத்துப் பார்த்தீர்களா என்று. சில்லு சில்லாக உடைந்து அப்படியே நின்றால் அது பெரும்பாலும் இரும்புப் பாக்டீரியா படலம், உடனே ஓடி வந்து கூடிக்கொண்டால் எண்ணெய். அந்த முதல் வகைக்கு "காவிப்படலம்" என்று எழுதிப் பார்த்தேன், ஊர்க்காரர்களுக்கு உடனே பிடிபட்டது.

ஹைட்ரோகார்பன் என்ற சொல்லை விட்டுவிடுவோம். நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நடந்த போராட்டத்துக்குப் பிறகு அது டீக்கடைச் சொல்.

இன்னும் ஒரு சொல் பாக்கி. எண்ணெயைக் கூறு கூறாகப் பிரித்து வரைபடமாகக் காட்டும் வாயு நிறப்பகுப்பில் (கேஸ் குரோமட்டோகிராஃபி) 10 கார்பன் முதல் 40 கார்பன் வரை உள்ள சங்கிலிகளை ஓடவிடும்போது, புது டீசல் என்றால் வரைபடத்தில் சீப்புப் பல் மாதிரி முனைகள் (பீக்) வரிசையாக நிற்கும். மண்ணில் பல வருடம் கிடந்து மக்கியது என்றால் பல்லெல்லாம் கொட்டிப்போய் ஒரே மேடாக உப்பியிருக்கும். கூடத்தில் எல்லோரும் அதை ஹம்ப் என்பார்கள். என் நோட்டில் "திமில்" என்று எழுதிவைத்திருக்கிறேன், காளை மாட்டைப் பக்கவாட்டில் பார்த்தவர்களுக்கு வரைபடமே தேவையில்லை. மேடு, முகடு என்று யாராவது சொன்னால் முனைக்கும் இதற்கும் எப்படி வேறுபாடு காட்டுவீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.