மில் வாடிக்கையாளர்களிடம் கதை எடுபடுமா?

கேள்வி:
வணக்கம். கோவையில் நூற்பாலைகளுக்கும் காற்றின் விசையால் ஊடை நூலைச் செலுத்தி நெய்யும் ஏர்ஜெட் தறிக்கூடங்களுக்கும் கம்ப்ரஸர் (காற்றை அழுத்தித் தரும் இயந்திரம்) விற்கும் நிறுவனமொன்றில் விற்பனைப் பிரிவைக் கவனித்து வருகிறேன். கம்ப்ரஸரின் ஆயுட்காலச் செலவில் பெரும்பங்கு மின்கட்டணமே, வாங்கும் விலை அன்று என்பதைப் புரியவைக்கப் பயிலரங்குகள் நடத்துகிறோம். ஆனால் திரையில் அட்டவணைகள் வரத் தொடங்கியதும் வந்தவர்கள் கைபேசிக்குள் மூழ்கிவிடுகிறார்கள். எல்லாவற்றையும் கதையாக மாற்றுங்கள் என்கிறார் எங்கள் விளம்பர ஆலோசகர். பொறியாளர்களிடமும் மில் முதலாளிகளிடமும் இது செல்லுமா?

பதில் 1:
ஆலைப் பராமரிப்பில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் நிறுவனம் வளர்ந்த வரலாற்றைக் கதையென்று சொன்னால் நானும் கைபேசியைத்தான் எடுப்பேன். என்னைப் போன்ற ஒருவர் அதில் இருக்க வேண்டும். விடுமுறை நாள், தறிகள் அனைத்தும் நின்றிருக்கின்றன, காற்றைப் பயன்படுத்த எவருமில்லை, ஆயினும் கம்ப்ரஸர் லோடு ஆகி (காற்றை அழுத்தி), அன்லோடு ஆகி (அழுத்தாமல் சும்மா ஓடி), மீண்டும் லோடு ஆகிறது. அந்தக் காற்று எங்கே போகிறது என்று கேட்டுவிட்டுச் சற்று நிறுத்துங்கள், விடையைக் கூட்டமே சொல்லிவிடும். அதன் பிறகு கணக்கைக் காட்டுங்கள். லோடில் ஓடிய நேரத்தை லோடு, அன்லோடு இரண்டும் சேர்ந்த நேரத்தால் வகுத்தால் கசிவின் அளவு தெரியும். 2 நிமிடம் லோடு, 6 நிமிடம் அன்லோடு என்றால் கம்ப்ரஸரின் திறனில் 25 சதவீதம் வீணாகிறது. (தேவைக்கேற்ப மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் பொருத்திய இயந்திரத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதையும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் யாராவது எழுந்து கேட்பார்.) அடுத்த விடுமுறையில் என் ஆலையிலேயே நான் அளந்து பார்க்க முடியும் என்பதால்தான் இந்தக் கதையை நம்புவேன்.

பதில் 2:
இது புதிய உத்தி அன்று. நியூயார்க் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் 1854ஆம் ஆண்டு லிஃப்ட் தயாரிப்பாளர் எலிஷா ஓடிஸ் உயரத்தில் மேடைமீது நின்றுகொண்டு, அதைத் தாங்கிய கயிற்றையே வெட்டச் செய்தார். பாதுகாப்புத் தடை மேடையைப் பிடித்து நிறுத்தியது. பாரம் ஏற்றும் தூக்கிகள் முன்பே இருந்தன, கயிறு அறுந்துவிடுமோ என்ற அச்சமும் இருந்தது. அவர் அந்த அச்சத்தையே காட்சியாக்கினார். வேளாண் இயந்திரங்கள் தயாரிக்கும் ஜான் டீர் நிறுவனமும் விவசாயிகளுக்கென 1895 முதல் ஓர் இதழ் நடத்தி வருகிறது.

பதில் 3:
கணக்குப் பிரிவிலிருந்து ஒரு மாற்றுக் கருத்து. மில்லில் வாங்கும் முடிவை ஒருவர் மட்டும் எடுப்பதில்லை. கதை பராமரிப்புப் பொறியாளரை அசைத்தாலும், கையெழுத்திடும் முதலாளி தம் மில்லின் கரண்ட் பில்லில் எவ்வளவு குறையும் என்றே கேட்பார். காற்றழுத்தத்தை 1 பார் (அழுத்தத்தின் அலகு) குறைத்தால் மின்செலவு ஏறத்தாழ 6 முதல் 7 சதவீதம் குறையும் என்பதை அவருடைய யூனிட் விலையிலேயே போட்டுக் காட்டுங்கள். மேலும், பிற வாடிக்கையாளரின் அனுபவத்தைச் சொல்வதானால் எழுத்துமூலம் அனுமதி பெறுங்கள். பெயரை மறைத்தாலும், தறிகளின் எண்ணிக்கையைக் கேட்டே எந்த மில் என்று நம் வட்டாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். இன்னொன்று: கசிவுக் கதைகள் பல, ஹோஸையும் கப்ளிங்கையும் மாற்றியதும் புதிய கம்ப்ரஸரே தேவையில்லை என்று முடிகின்றன. அந்த முடிவை அப்படியே சொல்ல உங்கள் நிர்வாகம் சம்மதிக்குமா?

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. கசிவுச் சோதனையைத் தனிச் சேவையாகவும் செய்து தருகிறோம் என்பதால், அந்த முடிவைச் சொல்வதில் எங்களுக்குத் தயக்கமில்லை. அடுத்த பயிலரங்குக்கு வருபவர்களைத் தத்தம் ஆலையின் லோடு, அன்லோடு நேரக் குறிப்புடன் வருமாறு கேட்கவிருக்கிறேன்.