ஆல்கோ எஞ்சின் மாடல்: அட்லஸா, பேக்மேனா?

வணக்கம் நண்பர்களே. நான் மண்டபத்தில் இருக்கிறேன். மீட்டர் கேஜ் காலத்தில் பாம்பன் பாலத்தில் ஓடிய ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சினைப் பார்த்து வளர்ந்தவன். அது ஆல்கோ என்ற அமெரிக்க எஞ்சின் கம்பெனியின் வடிவமைப்பு. அந்தப் பாசத்தில்தான் 1:87 எச்ஓ அளவில் (அசலில் 87-ல் ஒரு பங்கு) ஆல்கோவின் ஆர்எஸ்-3 டீசல் எஞ்சின் மாடல் ஒன்று வாங்க ஆசைப்படுகிறேன். அட்லஸ், பேக்மேன் என்ற இரண்டு மாடல் ரயில் கம்பெனியும் அதைச் செய்திருக்கின்றன. எதை எடுக்கலாம்?

வேகம் எனக்கு முக்கியமில்லை. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்துதான் போனது. அதே மாதிரி திக்காமல் நகர வேண்டும். எல்லாச் சக்கரமும் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கிறதா, ஆறு பெட்டி இழுக்க எடை போதுமா என்று இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம் இந்த உப்புக் காற்று. என் பித்தளைத் தண்டவாளம் ஒரே வாரத்தில் கறுத்துவிடுகிறது. நிக்கல் சில்வர் என்ற உலோகக் கலவைத் தண்டவாளத்துக்கு மாறப் போகிறேன். கடலோரத்தில் இருப்பவர்கள் எஞ்சின் சக்கரத்தை எதைக் கொண்டு துடைக்கிறீர்கள்?