கலைச்சொல்: எல்லை வரையறை, எல்லை நாட்டல், எல்லை வகிடு

> டிலிமிடேஷன், டிமார்க்கேஷன் இரண்டுக்கும் 'எல்லை நிர்ணயம்' என்றே போட்டுவிடலாம். செய்தித்தாள்களில் அப்படித்தான் வருகிறது, படிப்பவர்களுக்கும் புரிகிறது.

ஐயா, வணக்கம்.

அரசியல் செய்திக்கு அது போதும். நாம் தொகுப்பதோ நில அளவைச் சொற்கள். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டால் அமெரிக்க–கனடா எல்லையைப் பற்றி ஒரு பத்திகூடத் தமிழில் தெளிவாக எழுத முடியாது. 8,891 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த எல்லையின் வரலாறே இந்த இரண்டு வேலைகளுக்கும் நடுவில் கிடந்த இடைவெளியின் வரலாறுதான்.

டிலிமிடேஷன் ஒப்பந்த மேசையில் நடப்பது. எந்த ஆறு, எந்த ஏரி, எந்த அட்சரேகை வழியாக எல்லை போகும் என்று எழுத்தில் வகுப்பது. டிமார்க்கேஷன் அந்த எழுத்தைத் தரைக்குக் கொண்டுபோய்க் கல்லாகவும் தூணாகவும் நிறுத்துவது. செய்கிற ஆட்களும் வேறு, காலமும் வேறு. ராக்கி மலை வரை 49ஆவது அட்சரேகைதான் எல்லை என்று 1818இல் எழுதினார்கள். புல்வெளிப் பகுதியில் சர்வேயர்கள் அந்தக் கோட்டை அளந்து குறித்தது 1872இல் தொடங்கி 1874 வரை. நடுவில் ஐம்பது வருடங்களுக்கு மேல் அந்த எல்லை தாளில் மட்டும்தான் இருந்தது.

தாளில் எழுதியது தரையில் பொருந்தாமல் போனதும் உண்டு. அமெரிக்காவும் பிரிட்டனும் செய்துகொண்ட 1783 பாரிஸ் ஒப்பந்தம், லேக் ஆஃப் த உட்ஸ் ஏரியின் வடமேற்கு முனையிலிருந்து நேர் மேற்கே மிசிசிப்பி ஆறு வரை எல்லை போகும் என்கிறது. ஒப்பந்தம் எழுதியவர்கள் நம்பியது 1755இல் வெளியான மிட்செலின் நிலப்படத்தை. மிசிசிப்பி பிறப்பதோ அந்த ஏரிக்குத் தெற்கே. மேற்கே எவ்வளவு தூரம் போனாலும் அந்தக் கோடு ஆற்றைத் தொடாது! அதைச் சரிசெய்ய, ஏரி முனையிலிருந்து 49ஆவது அட்சரேகைக்கு ஒரு கோட்டைத் தெற்கே இறக்கினார்கள். அதனால்தான் மின்னசோட்டா மாநிலத்தின் ஒரு துண்டு இன்றும் தனியாக நிற்கிறது. ஏரியைக் கடக்காமல் சாலை வழியே அங்கே போக வேண்டுமென்றால் கனடாவுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். இது முழுக்க டிலிமிடேஷனில் வந்த பிழை.

சாம்ப்ளேன் ஏரியில் நடந்தது வேறு வகை. அங்கே எழுத்து தெளிவாக இருந்தது: 45ஆவது அட்சரேகை. 1770களில் அதை அளந்தபோது கோடு பல இடங்களில் விலகிவிட்டது. பிரிட்டனோடு நடந்த 1812 போருக்குப் பிறகு அமெரிக்கர்கள் அந்தப் பழைய எல்லைக்கோட்டை நம்பி ஓர் அரணைக் கட்டத் தொடங்கினார்கள். மறுபடி அளந்து பார்த்தால், அது உண்மையான அட்சரேகைக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வடக்கே, பிரிட்டிஷ் மண்ணில் நின்றது. வேலையை அப்படியே விட்டுவிட்டார்கள். 1842 வெப்ஸ்டர்–ஆஷ்பர்ட்டன் ஒப்பந்தம் 1770களில் தரையில் அளந்த பழைய எல்லைக்கோட்டையே எல்லையாக ஏற்றுக்கொண்டது, அந்த இடமும் அமெரிக்காவுக்கே போனது.

எழுத்துக்கும் கல்லுக்கும் முரண் வந்தால் கல்தான் நிற்கும் என்பதற்கு 49ஆவது அட்சரேகையே பெரிய சான்று. சர்வேயர்கள் நட்சத்திரங்களைப் பார்த்து அட்சரேகையைக் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கு தூக்குக்குண்டின் செங்குத்தை நம்பியது. பக்கத்தில் மலைத்திரள் இருந்தால், நிலத்தடியில் அடர்த்தி மாறினால் குண்டு கொஞ்சம் சாயும். அதனால் கற்கள் உண்மையான அட்சரேகைக்கு வடக்கிலும் தெற்கிலும் நூற்றுக்கணக்கான அடிகள் வரை விலகி நிற்கின்றன. ஆனாலும் சட்டப்படியான எல்லை அந்தக் கற்களை இணைக்கும் கோடுதான். அடுத்தடுத்த கற்களுக்கு நடுவே அது நேர்கோடு என்று 1925 ஒப்பந்தம் சொல்லிவிட்டது.

இனி என் முன்மொழிவு. டிலிமிடேஷனுக்கு எல்லை வரையறை. தொகுதி மறுவரையறை ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் புதிதாகப் பழக்க வேண்டியதில்லை. டிமார்க்கேஷனுக்கு எல்லை நாட்டல். சோழர் செப்பேடுகளில் நிலக்கொடை தரும்போது பெண் யானையை எல்லை சுற்றி நடத்தி, "கல்லும் கள்ளியும் நாட்டி" என்று எழுதுகிறார்கள். ஆணை ஒரு வேலை, நாட்டுவது வேறு வேலை என்பது அங்கேயே பிரிந்துதான் இருக்கிறது.

மான்யுமெண்ட் என்பதை நினைவுச்சின்னம் என்று மொழிபெயர்ப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுவோம். அது எல்லைக்கல். உலோகத்தால் ஆனாலும் எல்லைக்கல்தான், மைல்கல் இரும்பில் வந்தாலும் மைல்கல்தானே.

கடைசியாக விஸ்டா. அந்த எல்லையில் காடு வரும் இடமெல்லாம் பக்கத்துக்கு 3 மீட்டராக, மொத்தம் 6 மீட்டர் அகலத்துக்கு மரங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் தலையில் எடுத்த வகிடு போலவே இருக்கும். எல்லை வகிடு என்பது என் ஆசை.

---

> எல்லை வகிடு என்பது என் ஆசை.

தம்பி, வரையறையும் எல்லைக்கல்லும் சரி. நாட்டலையும் ஏற்கிறேன், செப்பேட்டுச் சான்று வலுவாக இருக்கிறது. வகிடுதான் உறுத்துகிறது. அளவைக் கையேட்டில் கவிதைச் சொல் எதற்கு? 'எல்லை வெட்டுப்பாதை' போதாதா? இன்னொன்று, நட்ட கல் சாய்ந்தால் நிமிர்த்துவதும், வளர்ந்த மரத்தை மறுபடி வெட்டுவதும் எந்தச் சொல்லுக்குள் வரும்?

---

ஐயா, பாதை என்றால் யாரோ நடந்து போவதற்கு என்று ஆகிவிடும். அந்த இடைவெளி போக்குவரத்துக்காக வெட்டியதல்ல, கோடு எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிவதற்காக வெட்டியது. வகிடும் அதற்குத்தான் எடுக்கிறோம், இரண்டு பக்கத்தையும் பிரித்துக் காட்ட. அதனால் வகிட்டை விட மனமில்லை.

உங்கள் இரண்டாவது கேள்வி எனக்குத் தோன்றாதது, அவசியமானதும்கூட. அந்த வேலைக்காகவே இரு நாடுகளுக்கும் பொதுவாக ஓர் எல்லை ஆணையம் இருக்கிறது. 1925 ஒப்பந்தம் அதை நிரந்தரமாக்கியது. வெட்டாமல் விட்டால் சில வருடங்களிலேயே காடு மூடிவிடும். அதற்கு எல்லைப் பேணல் என்று தனிச்சொல் வைக்கலாம்.

அப்புறம், ஆறும் ஏரியும் எல்லையாக வரும் இடத்தில் தண்ணீருக்குள் கல் நட முடியாது. கரையில் நட்டு, அங்கிருந்து இத்தனை தூரம், இந்தத் திசை என்று குறிக்கிறார்கள். அந்தக் கல் எல்லையில் நிற்பதில்லை, எல்லையைச் சுட்டுகிறது. 'சுட்டுக்கல்' என்று பட்டியலில் தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். நில அளவைத் துறையில் இருப்பவர்கள் வாயில் வேறு சொல் புழங்கினால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.